மாயாதுன்னையும் மரைக்கார்மாரும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம தெஹியோவிட்ட ஆட்கள் கிழமைக்கு ஒரு தரமாவது அவிசாவளைக்குப் போய் வருகிறோம். பஸ்ஸில் இறங்கி, சாமான் வாங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறோம். அந்த ஊர்தான் அன்றைய சீதாவாக்கை. 1521இல் கோட்டை மன்னன் விஜயபாகுவைக் கொன்றுவிட்டு மூன்று மகன்மாரும் நாட்டைப் பங்கு போட்டபோது மாயாதுன்னைக்குக் கிடைத்த தலைநகரம். 1581இல் இறக்கும் வரை 60 வருட ஆட்சி. அண்ணன் புவனேகபாகு போர்த்துக்கேயரை நம்பினார். தம்பி அவர்களோடு மோதினார்.

இந்தப் பாடம் வந்தால் வகுப்பில் என் குரல் தானாக உயர்ந்துவிடும். காரணம், மாயாதுன்னைக்கு உதவிக்கு வந்தவர்கள் நம்மவர்கள். கள்ளிக்கோட்டை சாமோரின் மன்னர் அனுப்பிய கப்பல்களை நடத்தியவர்கள் மலபார் முஸ்லிம்களான மரைக்கார்மார். 1538இல் இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் அவர்களுடைய பெரிய கப்பற்படையை போர்த்துக்கேயர் அழித்தார்கள். அதற்குப் பிறகும் வந்தார்கள். இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டது: "கடைசில அந்த மரைக்கார்மாருக்கு என்ன நடந்த சேர்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பதில் தெரியாமல் இல்லை.

1539இல் மிகுவேல் பெரெய்ரா என்ற தளபதி படையோடு வந்தான். மாயாதுன்னை சமாதானம் கேட்டார். மரைக்கார்மாரை ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பச்சி மரைக்கார், குஞ்ஞாலி மரைக்கார் ஆகியோரின் தலைகள் போர்த்துக்கேயரிடம் போய்ச் சேர்ந்தன. அனுப்பியவர், அவர்கள் யாருக்காகக் கடல் கடந்து வந்தார்களோ அதே மன்னர்.

1626இல் செனரத் மன்னர் நமது 4000 பேரை மட்டக்களப்பில் குடியேற்றிய கதையை எல்லா மேடையிலும் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் இதை ஒருவரும் சொல்வதில்லை. நானும் இத்தனை வருடமாக வேதாளையோடு நிறுத்திவிட்டுத்தான் இருந்தேன்.

அடுத்த நாள் முழுவதையும் சொன்னேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "துரோகி" என்றான் ஒருவன். தோட்டத்துப் பிள்ளை ஒன்று, "வாசல்ல படை நிக்குது சேர், அவரு வேற என்னா செய்வாரு?" என்றது. எனக்கு முதலாமவன் பக்கம்தான் மனம் போனது. ஆனால் மற்றப் பிள்ளையின் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. 1540இல் சாமோரினே போர்த்துக்கேயரோடு ஒப்பந்தம் செய்துகொண்டதையும் சொன்னேன். சத்தம் கொஞ்சம் அடங்கியது. மாயாதுன்னைக்கும் அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. மகன் முதலாம் இராஜசிங்கன் காலத்திலும் யுத்தம்தான்.

அந்த இராஜசிங்கன் கட்டத் தொடங்கி முடிக்காமல் போன பெரெண்டி கோவிலின் கல் அடித்தளம் இன்றும் அவிசாவளையில் சீதாவாக்கை ஆற்றுப் பக்கம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்ட நினைத்திருக்கிறேன். வேன் ஒழுங்கு செய்யக்கூடிய பெற்றோர் யாராவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.