வாக்கிங் போக ஒரு வண்டி

காலை ஐந்தரைக்கே அண்ணன் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார். "கெளம்புடா, வாக்கிங் போவோம்." மதுரையில் நாராயணபுரத்திலிருந்து ரேஸ்கோர்ஸுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து சுற்று, ஒரு டீ, திரும்பவும் வண்டி. நான் சிரித்துவிட்டேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன எங்கடா நடக்கிறது? வாசலை விட்டு இறங்கினா நத்தம் ரோடு!"

சிரிக்க எனக்கும் தகுதி இல்லைதான். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தவன் நான். எங்கள் குடியிருப்புக்குள் அழகான நடைபாதை உண்டு. அது சுற்றிச் சுற்றி எங்கள் குடியிருப்புக்குள்ளேயே வந்து முடியும். பால் வாங்க வேண்டுமானால் கார். பக்கத்து நெடுஞ்சாலையை 2008-இல் அகலப்படுத்தி முடித்தார்கள். ஓரச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 தடம். மருத்துவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு "நட" என்றார். நான் காரில் ஜிம்முக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே நிற்கிற என் காரையே பார்த்துக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தேன். அண்ணனாவது வானத்தைப் பார்த்து நடக்கிறார்.

ரேஸ்கோர்ஸில் கூட்டம் நன்றாகவே இருந்தது. எல்லார் காலிலும் ஷூ, எல்லார் வாயிலும் சர்க்கரைப் பேச்சு. 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. அதே வருடம் நவம்பரில் தமிழக அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் நடப்பதற்கென்று ஓர் இடத்தை அரசாங்கம் அடையாளம் காட்ட வேண்டிய நிலைக்கு ஊர் வந்துவிட்டதே என்று தோன்றியது.

மூன்றாம் நாள் அண்ணனிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். நத்தம் ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிற புதுப் பாலத்தின் தூண்களை ஒட்டியே பயணம். கண்டக்டர் கூட்டத்தில் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தார். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் எழுதிய கட்டுரை ஞாபகம் வந்தது. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்குகிற கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று அவர் கண்டார். அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை. டிக்கெட் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சிம்மக்கல்லில் இறங்கி வடக்கு மாசி வீதியைத் தாண்டினேன். எங்கள் பழைய வீடு வடக்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்தில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ். அதன் வாசலில் நின்று, போனில் காலடி எண்ணும் செயலியைத் திறந்துவிட்டு, அப்பா வேலை பார்த்த ஜவுளிக்கடை இருந்த விளக்குத்தூண் பக்கம் நடந்தேன். 1,100 சொச்சம் காலடி. அப்பா காலையில் போவார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார், சாப்பிட்டதும் போவார், ராத்திரி திரும்புவார். ஆக நாலு நடை: நாலாயிரத்து நானூறு.

நடுத்தெருவில் நின்றிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்காவில் சராசரி வயது 72 இருந்த 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஐ-மின் லீ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே எண்தான் வருகிறது. தினம் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு; 7,500-க்கு மேல் கூட்டி நடந்தும் பெரிய லாபமில்லை. எல்லாரும் மந்திரம்போலச் சொல்கிற பத்தாயிரம், 1965-இல் ஜப்பானில் ஒரு நடைமானிக்கு வைத்த விற்பனைப் பெயரிலிருந்து வந்தது. சாப்பிட்ட கையோடு அப்பா கடைக்குத் திரும்பிய அந்தப் பத்து நிமிடம்தான் இருப்பதிலேயே உசத்தி. வேலை செய்கிற தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. லேட்டாகப் போனால் முதலாளி முறைப்பார் என்பது தெரியும்.

அவருக்கும் சர்க்கரை வந்தது. கடையை விட்டு, நாராயணபுரத்துக்குக் குடிபோன பிறகு. இடம் மாறியதால்தான் வந்தது என்று அம்மா கடைசிவரை சாதித்தாள். வயதும் ஆகியிருந்தது, நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மீனாட்சி கோயிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, அதற்கும் அப்பால் வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கிய ஊர் இது. எதற்குமே தூரம் அதிகமில்லை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தபோதும் அந்த அளவு கெடவில்லை. வேலையில் உதவியவர்கள் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் நிற்கின்றன. கலெக்டரின் நினைவுக்கு வைத்ததுதான் விளக்குத்தூண். அவர்கள் விரித்த ஊரையும் காலால் கடந்துவிடலாம். நாங்கள் விரித்த ஊரைக் கடக்க முடியவில்லை.

பழைய ஊரும் சொர்க்கமாக இல்லை. மாசி வீதியில் போட்டிருக்கிற நடைமேடைமேல் பைக்குகள் வரிசையாக நிற்கின்றன. மனிதர்கள் ஆட்டோவுக்கு நடுவே நெளிகிறார்கள். புகையில் எனக்கு இருமல் வந்துவிட்டது.

பெரியம்மா இன்னும் பழைய சந்திலேயே இருக்கிறார். எண்பத்தொரு வயது. வாக்கிங் போவதுண்டா என்று கேட்டேன். "எனக்கு எதுக்குடா வாக்கிங்? வெத்தலைக்கு ஒரு நடை, பூவுக்கு ஒரு நடை, சாயங்காலம் ஆத்தாளைப் பாக்க ஒரு நடை" என்றவர், சற்றுப் பொறுத்து, "போன வருசம் வரைக்கும்" என்றார். சந்துக்குள் வந்த ஒரு பைக் இடுப்பில் உரசிவிட்டுப் போனதாம். எலும்பு முறியவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. வெற்றிலையை இப்போது பக்கத்து வீட்டுப் பையன் வாங்கி வருகிறான், முழங்கால் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க பெரியம்மா."

ஆவணி மூல வீதியைக் கடக்கும்போது என் முழங்கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். ஒவ்வொரு ஹாரனுக்கும் அந்தப் பிடி நடுங்கியது. சித்திரை வீதிக்குள் வண்டிகள் நுழைய முடியாது. சுவரோடு சுவராகக் கல் பாவியிருக்கிறார்கள். திண்ணையில் உட்காருவதுபோல நடுத்தெருவில் ஒரு குடும்பம் உட்கார்ந்து பிரசாதம் தின்றுகொண்டிருந்தது. தடுப்பைத் தாண்டிக் கல்லில் கால் வைத்ததும் பெரியம்மா என் கையை விட்டார்.

"நீ வேணா முன்னால போடா. நான் நாலு பேரைப் பாத்துப் பேசிட்டு வர்றேன்."