செம்மண் பொய் சொல்லாது!

"மாப்ள, முதல்ல பானெட் மேல கையை வை. சுடுதா?"

போடிநாயக்கனூரில் காலை ஆறரை மணி. கையில் டீ கிளாஸோடு வீடியோ காலில் மாமா. இந்தப் பக்கம் ஃப்ரீமாண்டில். மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தை ஒட்டிய பழைய துறைமுக ஊர். இங்கே மணி ஒன்பது. கடற்கரை பார்க்கிங்கில் ஒரு வெள்ளை லேண்ட்க்ரூஸர் முன்னால், வைவாவுக்கு வந்த மாதிரி நின்றுகொண்டிருந்தோம் நானும் என் ரூம்மேட்டும்.

"லேசா சுடுது மாமா."

"அப்ப நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணியிருக்காக. சூடான இன்ஜின் எல்லாமே நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகும். ஆறட்டும். அதுக்குள்ள மத்ததைப் பார்ப்போம்."

மாமா போடியில் இருந்து போடிமெட்டுக்கு, 17 கொண்டை ஊசி வளைவிலும் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஓட்டியவர். இப்போது அதே ஜீப்புகளுக்கு மெக்கானிக். ஆஸ்திரேலியாவை மேப்பில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஆனால் வண்டி பார்ப்பதில், மனுஷன் எம்.டி. படித்த டாக்டர்!

சரி, மேட்டருக்கு வருவோம். மேற்கு ஆஸ்திரேலியா, தமிழ்நாட்டைப் போல சுமார் 19 மடங்கு பெரிய மாநிலம். பெர்த்தில் இருந்து வடக்கே ப்ரூமுக்குப் போகவே 2,000 கிலோமீட்டருக்கு மேல். அதற்கும் மேலே டெர்பி பக்கம் ஆரம்பித்து, குனுனுரா பக்கம் முடிகிற கிப் ரிவர் ரோடு இன்னொரு 660 கிலோமீட்டர். மாடுகளை ஏற்றிப் போக போட்ட பாதை. பெரும்பகுதி மண் ரோடுதான். வழியில் ஹோட்டல் தேடினால் கதை கந்தல். அதனால்தான் இங்கே வண்டியையே வீடாக்கி விடுகிறார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குள் கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணீர் டேங்க். கூரையைத் தூக்கிவிட்டால் உள்ளே நின்றே சட்டை மாட்டலாம்.

இதில் ராஜா, லேண்ட்க்ரூஸர் 'ட்ரூப் கேரியர்'. செல்லமாக 'ட்ரூப்பி'. நம்ம ஊர் ட்ரெக்கர் மாதிரி பின்னால் எதிரெதிர் பெஞ்ச் போட்டு வந்த நீளமான வண்டி. பெஞ்சைக் கழற்றினால் ரெண்டு பேர் படுக்கலாம்.

மழைக்காலத்தில் கிப் ரிவர் ரோட்டை மூடிவிடுவார்கள். மே முதல் அக்டோபர் வரைதான் சீஸன். ஊர் சுற்றி முடித்த வெளிநாட்டுப் பசங்க நவம்பரில் பெர்த்துக்கு வந்து, வண்டியை விற்றுவிட்டு ஃப்ளைட் ஏறுவார்கள். எங்கள் முன்னால் நின்ற ஜெர்மன்கார ஜோடிக்கும் நாலு நாளில் ஃப்ளைட். 1996 மாடல், ஓடியது 4,20,000 கிலோமீட்டர், விலை 18,000 டாலர்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து போட்ட காசு அது. ஸ்டூடன்ட் விசாவில், கிளாஸ் நடக்கும்போது ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்க முடியும். பாத்திரம் கழுவியும், பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தும் ஒன்றரை வருஷம் சேர்த்தது.

இன்னொரு விஷயமும் வயிற்றைக் கலக்கியது. குயின்ஸ்லாந்து, விக்டோரியா மாதிரி மாநிலங்களில் வண்டியை விற்க பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பதிவு உயிரோடு இருக்கிற வண்டி கை மாற அப்படி எந்தப் பரிசோதனையும் கட்டாயம் இல்லை. அதாவது, நம்ம கண்ணுதான் சான்றிதழ்!

பேப்பர் வேலையை முந்தின ராத்திரியே முடித்துவிட்டோம். பி.பி.எஸ்.ஆர். என்று 2012-ல் ஆரம்பித்த அரசாங்கப் பதிவேடு இருக்கிறது. ரெண்டு டாலர் கட்டி சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால், வண்டி மேல் கடன் இருக்கிறதா, திருட்டு வண்டியா, விபத்தில் 'இனி தேறாது' என்று ஒதுக்கப்பட்டதா என்று சொல்லிவிடும். எங்கள் வண்டி சுத்தம். அந்த நம்பரும் வண்டியில் அடித்திருந்த நம்பரும் ஒன்றுதானா என்று இப்போது பார்த்துக்கொண்டோம்.

"எங்கெல்லாம் போயிருக்கு வண்டி?" மாமா கேட்கச் சொன்னார்.

"பெரும்பாலும் தார் ரோடுதான்" என்றான் ஜெர்மன்காரன்.

"கதவோட ரப்பரை லேசாப் பிரிச்சுப் பாரு. அப்புறம் சீட்டுக்குக் கீழ அந்தத் தண்டவாளம் இருக்கே, அங்கிட்டு விரலை விடு."

விட்டேன். விரல் நுனி முழுக்கச் சிவப்பு. கிம்பர்லி பக்கத்து 'பிண்டான்' மண். வண்டியை எத்தனை தடவை கழுவினாலும் இந்த இண்டு இடுக்கில் இருந்து போகாது. ஜெர்மன்காரன் சிரித்துவிட்டான். "ஓகே, கிப் ரிவர் ரோடு ஒரே ஒரு தடவை!"

அந்த ரோடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை மாதிரி வரி வரியாக இருக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அந்த உதறலிலேயே போனால் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசியும். பட்டைகளில் கீறல் விடும். மேலே கேரியரின் வெல்டிங் விட்டுப்போகும். ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்தோம். ஒரு ஷாக் அப்சார்பர் மட்டும் ஈரம். நோட்டில் குறித்துக்கொண்டான் ரூம்மேட்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் டயர் கிழமாக இருக்கலாம். நாலு டயரும் ஒரே வயசு, ஸ்டெப்னி மட்டும் தாத்தா. குறித்துக்கொண்டோம்.

உள்ளே கூரையின் கேன்வாஸை விரித்து மூக்கை வைத்தோம். பூஞ்சை வாடை இல்லை. ஃப்ரிட்ஜ் தனி பேட்டரியில் ஓடுகிறதா, இன்ஜின் ஓடும்போது அந்த பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா, கேஸ் குழாயில் சோப்பு நுரை தடவினால் குமிழி வருகிறதா... எல்லாமே பாஸ்!

இன்ஜின் ஆறியது. 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல். சாவியைத் திருப்பினால் ஒரே உறுமல். "புகையைக் காட்டுடா" என்றார் மாமா. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்து நிற்காமலே போனால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது என்று சந்தேகப்படணும். கறுப்பு என்றால் டீசல் அதிகம். எங்களுக்கு ஆரம்பத்தில் ஒரு குட்டி மூச்சு, அவ்வளவுதான். டைமிங் பெல்ட்டை ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மூன்று லட்சத்தில் மாற்றிய பில்லை அந்தப் பொண்ணு பத்திரமாக ஃபைலில் வைத்திருந்தாள்.

ஓட்டிப் பார்த்தோம். காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கர டிரைவைப் போட்டு வளைக்கக் கூடாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் சுற்றுவதால் உள்ளே முறுக்கு ஏறும். அதனால் ஜல்லி கொட்டிய இடமாகப் பார்த்து, இறங்கி முன்சக்கர ஹப்பைக் கையால் 'லாக்' பக்கம் திருப்பி, குட்டி கியர் லீவரைத் தள்ளினோம். வண்டி யானை மாதிரி நிதானமாக நகர்ந்தது. ரூம்மேட் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மனசுக்குள்ளே ஜூலை மாசத்துக்கு கிப் ரிவர் ரோட்டில் டென்ட் அடித்தாச்சு!

"ஓகே சொல்லிடலாமா மாமா?"

"அவசரப்படாதடா. இனிமேதான் பரீட்சையே. கீழ படு."

மண்ணில் பாயை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். டிஃப்ரன்ஷியல் ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால், ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகுந்தது என்று அர்த்தம். மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தோம். நல்ல ஆயில். சேஸிஸ் பளபளவென்று கறுப்பாக இருந்தது.

"என்னடா இம்புட்டு அழகா இருக்கு?" மாமா குரல் மாறியது. "27, 28 வருஷ வண்டிக்கு அடியில புது பெயின்ட் எதுக்கு? ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால தட்டிக்கிட்டே போ."

டங்... டங்... டங்... டொக்.

பின் பட்டையை மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில். நுனியை வைத்து லேசாக அழுத்தினேன். பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது ஸ்க்ரூடிரைவர். உள்ளிருந்து துரு கொட்டியது, கூடவே வெளுத்த கடற்கரை மணலும்.

சேஸிஸ் என்பது உள்ளே வெற்றிடமான பெட்டி. பீச்சில் ஓட்டினால் உப்பு மணல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே எவ்வளவு அலசினாலும் அது உள்ளிருந்தே தின்னும். செம்மண் போன ஊரைச் சொல்லிக் கொடுத்தது. உப்பு, வண்டியின் ஆயுளையே சொல்லிவிட்டது.

ஜெர்மன்காரனும் அடியில் வந்து படுத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. அவன் அடித்த பெயின்ட் இல்லை அது. ஆறு மாசத்துக்கு முன்னால் இதே பெர்த்தில், ஒரே நாளில், அடியில் குனியாமல் வாங்கியிருக்கிறான். "இது மேலதான் ரெண்டு பேரும் தூங்கிட்டிருந்தோம்" என்றான். பிறகு மெதுவாக, "5,000 குறைச்சுக்கறேன்."

பதிமூன்றாயிரம்! இன்ஜின் வேறு அப்படி உறுமுகிறது. ரூம்மேட் கண்ணாலேயே கெஞ்சினான். நான் போனைப் பார்த்தேன்.

"மாப்ள, விலை குறைஞ்சா ஓட்டை அடைஞ்சிருமா?"

அவ்வளவுதான் கேட்டார். அந்த உதறல் ரோட்டில், ஆஸ்பத்திரி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இடத்தில், பின்பட்டை கழன்று வருகிற காட்சி கண்ணில் ஓடியது. உள்ளே இருக்கப்போவது நாங்கள் நாலு பேர்.

"ஸாரி" சொல்லிக் கை கொடுத்தோம். அவன் கோபப்படவில்லை. போனை எடுத்து அந்த ஓட்டையை நாலு கோணத்தில் போட்டோ எடுத்தான். "எதுக்கு?" என்றேன். "விளம்பரத்துல போடணும். அடுத்து வர்றவங்களுக்குத் தெரியணும்ல?" என்றான். விலை இன்னும் எவ்வளவு இறங்கும் என்று தெரிந்தேதான் சொன்னான். அந்தப் பொண்ணு எங்களுக்கு காபி போட்டுக் கொடுத்தாள். அந்த ட்ரூப்பி கிச்சனில் நாங்கள் குடித்த முதலும் கடைசியுமான காபி.

மத்தியானம் கடல் பக்கமிருந்து சில்லென்று காற்று கிளம்பியது. வெயில் காலத்தில் பெர்த்தைக் குளிர வைக்கிற இந்தக் காற்றுக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர், 'ஃப்ரீமாண்டில் டாக்டர்'. எங்களுக்கு அன்றைக்கு டாக்டர் காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தார், போடியில் இருந்து!

அடுத்த சனிக்கிழமை இன்னொரு வண்டி பார்க்கப் போகிறோம். காசு பத்திரமாக இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பையிலேயே இருக்கிறது. மாமா ஆறு மணிக்கு அலாரம் வைத்துவிட்டார்.