மடியில் கனம்

இடுப்பில் கட்டிக்கொள்கிற பை ஒன்று வாங்கப்போவதாக நான் சொன்னபோது வீட்டில் யாரும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. "பெட்ரோல் பங்கிலே வேலை கிடைச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டாள் என் மனைவி. எழுதிப் பிழைக்கிறவனுடைய வருமானத்தைப் பற்றி அவளுக்குள்ள அபிப்பிராயம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. பை வாங்க ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் வேடிக்கையானது அல்ல.

2022 ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்காக அப்பாவை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் கிளம்பினேன். அப்பாவுக்கு அப்போது 76 வயது. இருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் கொஞ்சம் அடைப்பு உண்டு. மார்பில் வலி கண்டால் உடனே உட்கார்ந்துகொண்டு, ஒரு சின்ன மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மாத்திரை அட்டை என் தோள் பையில் இருந்தது. என் பை சாமானியமானது அல்ல. பதினோரு அறைகள் கொண்டது. லாப்டாப், குடை, தண்ணீர் பாட்டில், பாதி எழுதிய கதை, இவற்றுக்கு நடுவில் எங்கேயோ மாத்திரை. பை தலைக்கு மேலே சாமான் தட்டில்.

செங்கிப்பட்டி தாண்டியதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை. நான் எழுந்து பையை இழுத்தேன். மடியில் வைத்து ஜிப்பை இழுத்தேன். பாதி தூரம் வந்த ஜிப் உள்ளே இருந்த துணியைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. எவ்வளவு நேரம் போராடினேன் என்று எனக்குத் தெரியாது. அரை நிமிஷம் இருக்கலாம். அந்த மாதிரி அரை நிமிஷத்தை என் கதைகளில் நான் பல தடவை வருணித்திருக்கிறேன். வருணித்தது ஒன்றும் சரியில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எதிர் வரிசையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாள். "இப்படிக் குடு தம்பி" என்றாள். இடுப்பிலே சொருகியிருந்த சுருக்குப் பையை எடுத்து, கயிற்றை ஓர் இழுப்பு இழுத்துப் பாக்குவெட்டியை எடுத்தாள். ஜிப்பை ஒட்டியிருந்த துணியை ஒரு கடி கடித்து, அந்த ஓட்டையில் விரலைக் கொடுத்து டர்ரென்று கிழித்துவிட்டாள். மாத்திரை அப்பாவின் நாக்குக்குப் போயிற்று. வல்லம் வருவதற்குள் முகம் தெளிந்தது. தஞ்சாவூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கல்யாணத்துக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அப்பா கேட்டது ஒரே கேள்வி: "அந்தம்மா பையைப் பார்த்தியாடா?"

"பார்த்தேம்பா" என்றேன். அவர் என்ன கேட்டார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஊர் திரும்பியதும் இடுப்புப் பை என்ற யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. யோசிக்க யோசிக்க, மனிதன் பொருளைப் பத்திரப்படுத்திக்கொள்ளக் கண்டுபிடித்த மிகப் பழைய இடம் இடுப்புத்தான் என்று தோன்றியது. 1991-ல் ஆல்ப்ஸ் மலையில், இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே, பனிக்கட்டியில் உறைந்து கிடந்த ஒரு மனிதனின் உடலைக் கண்டெடுத்தார்கள். அவன் செத்து ஏறக்குறைய 5,300 வருஷங்கள் ஆகியிருந்தன. அவன் அரைக்கச்சையில் தோல் பை ஒன்று இருந்தது. அதற்குள் ஐந்தே சாமான்கள்: சுரண்டுகிற கல் ஒன்று, துளை போடுகிற கல் ஒன்று, ஒரு சிறு கற்சில்லு, எலும்பு ஊசி, நெருப்புப் பற்றவைக்க உதவும் உலர்ந்த காளான். என் பதினோரு அறைப் பையை நினைத்து வெட்கமாக இருந்தது.

பாக்கெட் இல்லாத உடை உடுத்தியவர்கள் எல்லாருமே இடுப்பைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஜப்பானில் கிமோனோக் கச்சையிலிருந்து கயிற்றில் சிறு பெட்டியைத் தொங்கவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் பாவாடை மாதிரியான உடைக்கு முன்னால் தோல் பை கட்டினார்கள். நம் வேஷ்டிக்கும் பாக்கெட் கிடையாது. ஆகவே மடி இருந்தது. பெண்களுக்கு முந்தானை முடிச்சு இருந்தது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்ற பழமொழியே, கனமெல்லாம் மடியில் இருந்த காலத்துப் பேச்சு. அப்புறம் பச்சை பெல்ட் வந்தது. அகலமான தடித்த துணிப்பட்டை, அதில் பித்தான் வைத்த இரண்டு பாக்கெட். என் அப்பா காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். முப்பது வருஷம் அந்த பெல்ட்டை அவர் இடுப்பில் பார்த்திருக்கிறேன்.

பை வாங்கக் கடைக்குப் போனேன். 300 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய் வரை சுவர் நிறையத் தொங்கிற்று. "இது ஆயிரம் டெனியர் ஸார், மிலிடிரி துணி" என்றான் கடைப் பையன். டெனியர் என்றால் என்ன என்று கேட்டேன். "ஸ்ட்ராங் ஸார்" என்றான். வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். 9,000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அத்தனை டெனியர். ஜங்ஷனிலிருந்து எங்கள் ஸ்ரீரங்கம் வரைக்கும் நூலை இழுத்து, அதைச் சுருட்டித் தராசில் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கிராம் நின்றால் ஆயிரம் டெனியர். அதாவது அது நூலின் பருமன். பையின் ஆயுசு அல்ல.

ஆயுசைப் பற்றிச் சொன்னவர் வேறொருவர். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் பை தைக்கிற பாய் ஒருவர் உண்டு. அந்தக் கிழிந்த தோள் பையைத் தைக்கக் கொண்டுபோனபோது விஷயத்தைச் சொன்னேன்.

"கடைக்காரங்க பை பொறக்கறதைப் பார்க்கறாங்க ஸார். நான் சாகறதைப் பார்க்கறேன். என்னைக் கேளுங்க" என்றார்.

கேட்டேன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காத எனக்கு, அந்த ஒரு மணி நேரம் ஒழுங்கான வகுப்பாக இருந்தது.

"துணி கிழிஞ்சு எங்கிட்ட வர்ற பை நூத்துல ஒண்ணு கூட இல்லை. சாவு எல்லாம் வேற இடத்துல. முதல்ல பையை உட்புறமா திருப்புங்க. துணி விளிம்பு பிசிறு பிசிறா இருந்தா வாங்காதீங்க. அந்தப் பிசிறைத்தான் ரன்னர் கவ்வும். விளிம்புக்கு மேலே நாடா மடிச்சு பைப்பிங் அடிச்சிருக்கணும்." என் பையின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். பிசிறு தொங்கிற்று. செங்கிப்பட்டியில் என் கையை நிறுத்தியது அந்த நாலு நூல்தான்.

அப்புறம் ஜிப். பல் தேய்வதில்லையாம், ரன்னர்தான் தேய்ந்து வாய் அகன்று போகும். அதனால் ரன்னர் கனமாக இருக்க வேண்டும். ஜிப் மூலையில் சட்டென்று திரும்பக் கூடாது. வளைந்து போக வேண்டும். "அதிலே வொய்.கே.கே.ன்னு போட்டிருந்தால் நல்லதாமே?" என்றேன், படித்த கர்வத்தில். 1934-ல் டோக்கியோவில் தடாவோ யோஷிடா ஆரம்பித்த கம்பெனியின் மூன்றெழுத்து அது. "நல்ல ஜிப்தான். ஆனா மூணு எழுத்தை யார் வேணும்னாலும் அடிச்சிடலாம். நீங்க இழுத்துப் பாருங்க" என்றார் பாய்.

மூன்றாவது, வார் பையோடு சேருகிற இடம். பாரம் முழுவதும் அங்கேதான் தொங்குகிறது. ஒற்றைத் தையல் போதாது. கட்டம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி மாதிரி தைத்திருக்க வேண்டும், அல்லது குறுக்கே நெருக்கித் தைத்திருக்க வேண்டும். நாலாவது, பிளாஸ்டிக் கிளிப். நாற்காலிக் காலில் மாட்டினால் ஒரு பல் போய்விடும். கடையிலேயே பத்துத் தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். ஐந்தாவது, தண்ணீர் இறங்காமல் இருக்க உள்பக்கம் பூசுகிற பூச்சு. நம் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரியில் வைத்தே அது பிசுபிசுத்து உரிந்துபோகிறது. "மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் வெச்சுக்குங்க. அது ரெண்டு ரூபா" என்றார்.

"துணி?" என்றேன்.

"ஐந்நூறு போதும். ஆயிரம்னா மொரமொரன்னு சட்டையைத் தேய்ச்சுப்பிடும். முக்கியமா ஒண்ணு: சின்னதா வாங்குங்க. பெரிய பையை மனுஷன் நிரப்பாம விடமாட்டான்."

பாய் சொன்னபடியே வாங்கினேன். சாம்பல் நிறம், இரண்டு அறை, 750 ரூபாய். கடைப் பையன் முன்னால் பையை உட்புறமாகத் திருப்பி, ஜிப்பை இழுத்து, கிளிப்பைப் பத்துத் தடவை மாட்டிக் கழற்றினேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். வீட்டுக்கு வந்து முன் அறையில் மாத்திரை அட்டையை வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தேன்.

திண்ணையிலிருந்து அப்பா கூப்பிட்டார். "அதைக் கழட்டிக் குடு."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கிளிப்பை மாட்டினார், கழற்றினார். ஜிப்பை இழுத்தார், மூடினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் ஜிப்பைத் திறந்து அட்டையைத் தொட்டு எடுத்தார். இரண்டாம் தடவையும் அப்படியே செய்தார். எழுந்து, வேஷ்டிக்கு மேலே, சட்டைக்கு உள்ளே, இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"உனக்கு வேணும்னா வேற வாங்கிக்கோ" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. அந்தச் சமயம் பச்சை பெல்ட்டும் நைந்து போயிருந்தது. "இது எதுக்குப்பா இனிமே? பட்டிக்காட்டு மாதிரி இருக்கு. எல்லாம் நான் வெச்சுக்கறேன்" என்று நான்தான் சொன்னேன். அன்போடுதான் சொன்னேன். பணம், சாவி, மாத்திரை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் நான் கூட வராமல் அவர் தெரு முனை தாண்டுவதில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரை என் பையில் இருக்கும்போது மனுஷர் தனியாக எங்கே போவார்? ஆஸ்பத்திரியில் அவர் கேட்ட கேள்வியின் அர்த்தமும் அதுதான். அந்தப் பாட்டியின் சாமான் அந்தப் பாட்டியின் இடுப்பில் இருந்தது.

துணி, தையல், ஜிப், கிளிப் எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்த நான், இடுப்பு யாருடையது என்பதை மட்டும் தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

இப்போது அப்பா தினம் காலையில் அம்மாமண்டபம் வரைக்கும் நடந்து, காவேரியைப் பார்த்துவிட்டு வருகிறார். நடக்கச் சொல்லி டாக்டர் எப்போதோ சொன்னதுதான். நான் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்ததில் அது நின்றுபோயிருந்தது. பையில் மாத்திரை, மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் சில்லறை, வீட்டுச் சாவி, என் டெலிபோன் நம்பர் எழுதிய சீட்டு. எண்ணிப் பார்த்தேன். ஐந்து சாமான்.

"பெட்ரோல் பங்க் வேலை என்ன ஆச்சு?" என்று கேட்டாள் என் மனைவி.

"அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது" என்றேன்.