பழங்கருவியை விடாதார்

கணினித் தொழிலோர் புதுமையையே நாடுவர், பழமையை விரைவில் துறப்பர் என்று உலகம் கூறும். அங்ஙனமாயின், ஜேகுவெரி என்னும் கருவி இன்றளவும் எண்ணிறந்த இணையப் பக்கங்களில் உயிர்வாழ்வது எற்றுக்கு? தமிழ் பயிலும் எமக்கு இவ்வினா எழுந்தமை வியப்பன்று; எம் தமையனார் இணையத்தளம் அமைக்கும் தொழிலினர்.

2006-இல் ஜான் ரெசிக் என்னும் அமெரிக்கர் இதனை வெளியிட்ட காலத்தில், உலாவிகள் தம்முள் மாறுபட்டு நின்றன. பொத்தானை ஒருவர் அழுத்தியதை அறிதற்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு கட்டளையும், பயர்பாக்ஸிற்கு வேறொரு கட்டளையும் எழுதல் வேண்டியிருந்தது. ஜேகுவெரி அவற்றிடையே துபாஷியாய் வந்தது. நிரலர் ஒருமுறை உரைத்ததனை அஃது அவ்வவ்வுலாவிக்கு ஏற்பப் பெயர்த்துரைத்தது.

அம்மாறுபாடு இப்பொழுது பெரும்பாலும் நீங்கிற்று. கிட்ஹப் தளத்தார் 2018-இல் தம் பக்கங்களினின்று இதனைக் களைந்தனர். பகைவர் ஒருமொழி பேசத் தொடங்கிய பின்னர்த் துபாஷிக்குச் சம்பளம் எதற்கு என்பர் இளைய நிரலர். முறையான வினாவே.

எம் தமையனார் சிறு அச்சகம் ஒன்றின் தளத்தைப் பல்லாண்டுகளாகப் பேணி வருகின்றார். அதன்கண் நாட்காட்டி விரிவதும், படங்கள் நகர்வதும், வேலை ஒப்புவிக்கும் படிவம் சரிபார்க்கப்படுவதும் ஜேகுவெரியின்மீது பிறர் கட்டிய துணைநிரல்களாலேயாம். "இதனை நீக்கினால் என்ன, அண்ணா?" என்று வினவினோம்.

"தம்பி, தூண் ஒன்றை மாற்றுவது எளிது, மேலுள்ள வீட்டைத் திரும்பக் கட்ட அச்சகத்தார் பணத்திற்கு எங்கே போவார்? அப்படிவம் ஒருநாள் கெட்டால் அன்றைய வரும்படி போயிற்று" என்றார்.

இதனைச் சோம்பல் என்று யாம் கொள்ளோம். புதியதை நம்பிச் சென்றாரும் இடர்ப்பட்டனர் அன்றோ? கூகுள் நிறுவனத்தார் 2010-இல் ஆங்குலர்ஜேஎஸ் என்பதனைத் தந்தனர். 2016-இல் வந்த அடுத்த ஆங்குலரோ முற்றும் வேறாயிருந்தது. பழையதற்குரிய ஆதரவு 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. அதன்மேற் கட்டினவர் மீளவும் அடிப்படையினின்று தொடங்கவேண்டியவராயினர். ஜேகுவெரியின் குறைகளோ நெடுங்காலமாய் அறியப்பட்டவை; எப்பிழை நேரினும் முன்னரே ஒருவர் அதற்கு விடை எழுதி வைத்திருப்பார். இவ்வுறுதிக்கு விலை மதித்தல் அரிது.

ஆயினும், பழையதைப் பேணுவோர் உறங்கலாகாது. தீயோர் பிறர் பக்கத்துள் தம் நிரலைப் புகுத்தும் வழியொன்றை 2020-இல் வந்த 3.5-ஆம் பதிப்பு அடைத்தது. அதனை ஏற்றிய இரவில் தமையனாரின் நாட்காட்டி திறவாதாயிற்று. விடியுமுன் அதனைச் செப்பனிட்டு, படிவத்தைப் பத்துமுறை நிரப்பிப் பார்த்த பின்னரே அவர் படுக்கைக்குச் சென்றார்.