பெரியப்பாவின் முப்பது பள்ளி

"பள்ளிக்கூடம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா. அங்க படிச்ச பிள்ளைங்க காலேஜுல தேறுமா?"

மச்சான் கேட்டதில் தப்பில்லை. என்னிடம் பதில் இல்லாததுதான் உறுத்தியது. மகள் எட்டாவது முடித்திருந்தாள். கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே போகும் சாலையில், புது அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கிறது, அவளைச் சேர்க்க நினைத்த அந்தப் பள்ளி. நாற்பது பிள்ளைகள், இரண்டு ஓட்டுக் கட்டடங்கள், ஒரு புங்கமரம். ஆசிரியர்களை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மச்சானின் கேள்வியை எங்கோ கேட்ட நினைவு. சைதாப்பேட்டையில் பி.டி. என்ற ஆசிரியர் பயிற்சி படித்த பெரியப்பா, திண்ணையில் யாராவது பரீட்சை, மார்க் என்று ஆரம்பித்தால் ஒரு கதையை எடுப்பார். "அமெரிக்காவுல முப்பது பள்ளிக்கூடத்தை அவிழ்த்து விட்டான். என்ன ஆச்சு தெரியுமா?" அதற்குள் பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். என்ன ஆனது என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

முதலில் பக்கத்திலிருக்கும் பள்ளியை விசாரிப்போம் என்று போனேன். பொறுப்பாளர் அக்காவிடம் ஒரே கேள்வி: "பத்தாவதுல எத்தனை சதவீதம் பாஸ்?"

"அப்படி ஒரு நம்பர் இல்லைங்க."

மறைக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் போனேன். அதே பதில். மூன்றாம் முறை ஒரு நோட்டை என் முன்னால் நகர்த்தி, "நீங்களே போட்டுப் பாருங்க" என்றார்.

பிள்ளைகள் எழுதுவது தேசியத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வு. ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள். பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். கடைசி அணியில் ஏழு பேர். ஏப்ரலில் மூன்று பேர் ஐந்து பாடங்களையும் முடித்திருந்தார்கள். கணக்குப்படி 43 சதவீதம். அக்டோபரில் இன்னும் மூன்று பேர். 86 சதவீதம். அதே பிள்ளைகள், அதே ஆண்டு. ஏழாவது பையன் அப்பாவுக்கு மாற்றல் வந்து கோயம்புத்தூர் போய்விட்டான். அவனைச் சேர்ப்பதா, விடுவதா? விட்டால் நூறு. ஒரு மாலை முழுக்கக் கூட்டிக் கழித்ததில், 43-லிருந்து 100 வரை எதை வேண்டுமானாலும் மச்சானிடம் நான் சத்தியம் செய்து சொல்லலாம் என்று ஆகிவிட்டது. நோட்டை மூடினேன். அக்கா மோர் கொண்டுவந்து வைத்தார்.

திரும்பப் பெரியப்பாவிடமே போக வேண்டியிருந்தது. அவர் இல்லை. பரண்மேல் பெட்டி இருந்தது. பி.டி. குறிப்பேட்டில் ஒரு பெயர் கிடைத்தது: ரால்ஃப் டைலர். அந்த நூலைப் பிடித்துப் போனதில் முப்பது பள்ளியும் கிடைத்தது.

அமெரிக்காவில் அதற்கு எட்டாண்டு ஆய்வு என்று பெயர். 1933 முதல் 1941 வரை நடந்தது. வழக்கமான சேர்க்கை விதிகளைத் தளர்த்திக்கொள்ள சுமார் 300 கல்லூரிகள் ஒத்துக்கொண்டன. முப்பது பள்ளிகள் தங்களுக்குப் பிடித்தபடி பாடம் அமைத்தன. பிறகு அங்கிருந்து கல்லூரிக்குப் போன 1,475 பேருக்கு, வயது, குடும்பப் பின்னணி, திறன் எல்லாம் பார்த்து, வழக்கமான பள்ளியில் படித்த ஒருவரைச் சோடி சேர்த்தார்கள். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல. முப்பது பள்ளிப் பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் கொஞ்சம் கூடவே இருந்தது. மிகத் துணிந்து மாறிய ஆறு பள்ளிகளின் பிள்ளைகள் இன்னும் முன்னே நின்றார்கள். 1942-ல் முடிவு அச்சானபோது உலகம் போரில் இருந்தது.

மச்சானிடம் பேசப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது: அந்த முப்பதில் பல, வசதியானவர்களின் தனியார் பள்ளிகள். கூடுவாஞ்சேரி ஏழு பேருக்கு நான் எங்கே போய்ச் சோடி தேட?

அதைவிடப் பெரிய இடி குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில். அந்த ஆய்வின் மதிப்பீட்டுப் பொறுப்பு டைலருடையது. பிள்ளையிடம் என்ன வளர வேண்டுமென்று முதலில் ஆசிரியரைக் கேள், பிறகு அதற்கேற்ற சோதனையைச் செய் என்பது அவர் வழி. அவரிடம் பயின்று உடன் வேலை செய்த பெஞ்சமின் புளூம் 1957-ல் இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தப் பட்டறைகள் நடத்தினார். பெரியப்பாவின் கையெழுத்தில் அது ஒரு கட்டமாக இறங்கியிருந்தது: அறிவு, புரிதல், பயன்பாடு, திறன். ஒவ்வொன்றுக்கும் எதிரே மதிப்பெண். நாமெல்லாம் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை இரண்டு மார்க் கேள்வி வரும் என்று மனப்பாடம் செய்த ப்ளூபிரிண்ட்! பள்ளிகளை அவிழ்த்துவிடச் செய்த அளவுகோல், நம் ஊர் வந்து சேர்ந்தபோது கட்டுத்தறி ஆகியிருந்தது. பெரியப்பா ஏன் கதையை முடிக்கவில்லை என்று அன்று புரிந்ததுபோல் இருந்தது.

விட்டுவிடலாம் என்றிருந்தபோது இன்னொரு புத்தகம் கண்ணில் பட்டது. முப்பதில் ஒன்றான ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகப் பள்ளியில், 1938-ல் படிப்பை முடித்த 55 மாணவர்கள் சேர்ந்து தங்கள் பள்ளியைப் பற்றித் தாங்களே எழுதியது. தலைப்பு: 'நாங்கள் சோதனை எலிகளா?' மூன்று முறை கூடுவாஞ்சேரிப் பள்ளிக்குப் போயும் ஒரு பிள்ளையிடம்கூட நான் பேசவில்லை.

நான்காம் முறை போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன்.

"கெமிஸ்ட்ரி லேப் கிடையாது. இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க" என்றாள் ஒருத்தி.

"நான் ஒரு வாரம் கணக்கே போடல. யாரும் ஏன்னு கேக்கல. எட்டாம் நாள் எனக்கே போர் அடிச்சுப் போச்சு" என்றான் ஒருவன்.

கடைசியில் ஒரு குட்டிப் பையன் என்னை மைதானத்தின் கோடிக்கு இழுத்துப் போனான். புதரை விலக்கிக் காட்டினான். மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கற்கள், வரிசையாக.

"பிளாட் போடப் போறாங்களாம். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்ததுலேர்ந்து ஆளுங்க வந்து அளந்துகிட்டே இருக்காங்க."

கல்லூரியில் தேறுமா என்று எண்பது வருடத்துக் கதையெல்லாம் துருவிய நான், பள்ளி இருக்குமா என்று கேட்கவே இல்லை. நேரே அக்காவிடம் போனேன்.

"இடம் குத்தகையா?"

"ஆமா."

"இன்னும் எவ்வளவு நாள்?"

நம்பரே இல்லாத அக்காவிடம் இதற்கு நம்பர் தயாராக இருந்தது. "ரெண்டு வருஷம், நாலு மாசம்."

மகளுக்கு வேண்டியது இரண்டு வருடம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மிச்ச நாலு மாதத்தையே எண்ணிக்கொண்டு வந்தேன். புதருக்குள் கற்களைக் கண்டுபிடித்த அந்தக் குட்டிப் பையன் ஐந்தாவதுதான் படிக்கிறான்.