காவலூர் இரவும் நாசா விமானமும்

முடிவெட்டும் உதாரணம் எகனாமிக்ஸ் படிக்கிறவர்களுக்குப் பழசு. திருப்பத்தூரில் வெட்டினாலும் நியூயார்க்கில் வெட்டினாலும் தலை ஒன்றுதான், ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் டாலரில் கணக்குப் போட்டால் நியூயார்க்காரர் பல மடங்கு 'உற்பத்தித்திறன்' கொண்டவராகி விடுகிறார்! சலூனிலாவது ஒரு விலைப்பட்டியல் தொங்கும். பள்ளிக்கூடம், அரசு ஆஸ்பத்திரி, வான் ஆய்வுக்கூடம்... இவற்றுக்கு என்ன செய்வது?

ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க இருந்தது. அதைப் பார்க்க காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கி. அதே நேரம் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நாசாவின் கைப்பர் விமானம், அதற்குள் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி. வேலை ஒன்றே, கருவியின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. யுரேனஸ் நெருங்கும் முன்பே நட்சத்திர வெளிச்சம் மங்கியது இரண்டு இடத்திலும் பதிவானது. காவலூர்க்காரர்கள் புதிய துணைக்கோள் என்று நினைத்தார்கள். விமானத்தில் இருந்தவர்களோ, மறைப்புக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி மங்கியதைப் பார்த்து அவை வளையங்கள் என்று கண்டுகொண்டார்கள். பெயரும் அவர்களுக்கே போனது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, அந்த இரவின் 'உற்பத்தி' எவ்வளவு? அரசு தரும் சேவைக்குச் சந்தை விலை கிடையாது. அதனால் தேசியக் கணக்கில் ஆன செலவையே உற்பத்தி மதிப்பாக எழுதிவிடுகிறார்கள். அதாவது விமானத்துக்கு எரித்த எரிபொருளும் உற்பத்தி. காவலூர் குறைந்த செலவில் செய்ததால் குறைவாக உற்பத்தி செய்ததாக அர்த்தம்!

நாடுகளை ஒப்பிட 1968-ல் தொடங்கிய பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம் இதைச் சரிசெய்யப் பார்த்தது. (காவலூரில் முதல் தொலைநோக்கி வந்ததும் அதே வருஷம்தான்.) ஒரே வேலைக்கு இரு நாட்டுச் சம்பளத்தையும் வைத்து விலையை ஒப்பிட்டார்கள். அப்படிச் செய்தால் இந்திய ஊழியரும் அமெரிக்க ஊழியரும் சமம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மாதிரி. அது ஏழை நாடுகளுக்கு ரொம்பத் தாராளம் என்று தோன்றவே, 2005 சுற்றில் ஆசியாவுக்கு உற்பத்தித்திறனில் கழிவு போட்டார்கள்.

ஒரு கணக்கில் காவலூர் ஆள் அமெரிக்கரில் ஒரு சிறு பங்கு, இன்னொன்றில் சரிசமம், மூன்றாவதில் இரண்டுக்கும் நடுவில் எங்கோ. மூன்றிலும் வானத்தை யாரும் பார்க்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விலகுமா என்று விடியவிடிய விழித்திருக்கும் இரவும், தெளிந்த மாசி இரவும் சம்பளக் கணக்கில் ஒரே தொகைதான்.