கோபாலபுரத்திலிருந்து காந்திகிராமம் வரை

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் இருப்பது கோபாலபுரம். மலையோ பெரிய ஆறோ இங்கு எல்லையாக நிற்கவில்லை. இருபுறமும் தென்னந்தோப்புகளே, இருபுறமும் வீசுவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே. முன்னர் சென்னை மாகாணத்துக்கும் கொச்சிச் சமஸ்தானத்துக்கும் இடையே கிடந்த கோடு, 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது இரு மாநிலங்களின் எல்லையாயிற்று. ஆயினும் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் தமிழ் பேசுவோர் இன்றும் மிகுதி. சந்தையில் ஒரு மொழி, அரசாங்க அலுவலகத்தில் மற்றொரு மொழி என்று வாழப் பழகியவர்கள் அவர்கள்.

இவ்வூர்ப் பக்கத்துக் குடும்பங்களும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைத்தோட்டங்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்களும் நம் சங்கத்தில் உண்டு. அவர்தம் பிள்ளைகளுக்கு இந்நாளில் ஒரு புதிய வாய்ப்பு வந்திருக்கிறது. சர்வதேச இளைஞர் தலைமை மகாநாடு, சமாதான மகாநாடு என்று பல தேசங்களில் கூட்டங்கள் நடைபெறுகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பிரயாணச் செலவும் உணவும் உறைவிடமும் கொடுத்து அழைக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2015 டிசம்பர் 9-ஆம் நாள் நிறைவேற்றிய 2250-ஆம் தீர்மானம், 18 முதல் 29 வயது வரையுள்ள இளைஞர்களுக்குச் சமாதானப் பணியில் இடமளிக்க வேண்டும் என்று அரசுகளை வேண்டியது. அதன் பின்னர் இத்தகைய அழைப்புகளுக்கு மதிப்பு மிகுந்தது.

அழைப்புக் கிட்டிய பிள்ளை அங்கே எதைப் பேசுவது? இவ்வினாவுக்கு விடை தேடியே நாம் கோபாலபுரத்திலிருந்து காந்திகிராமத்துக்குப் பிரயாணமானோம்.

வழி எளிது. பொள்ளாச்சி, உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று கிழக்கே செல்ல வேண்டும். பிறகு மதுரைச் சாலையில் சிறிது தொலைவு சென்றால், சிறுமலையின் அருகே, சுங்கடிச் சேலைக்குப் பெயர் பெற்ற சின்னாளபட்டியை அடுத்துக் காந்திகிராமம் காட்சியளிக்கும். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் 1947-இல் தோற்றுவித்த இடம் இது. அம்மையார் மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி. கணவரோ நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளி. இரு மொழியினர் இணைந்து நட்ட மரம் என்று இதனைக் கூறினால் மிகையாகாது. 1956-இல் இங்குத் தொடங்கிய கிராமியக் கல்வி நிலையம், 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

உலகச் சமாதானத் தொண்டர்கள் ஒருமுறை இங்கே கூடினார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். போர் எதிர்ப்போர் சர்வதேச சங்கம் என்பது 1921-இல் ஹாலந்து தேசத்தில் பிறந்தது. அதன் மகாநாடு 1960 டிசம்பரில் காந்திகிராமத்தில் நடைபெற்றது. அயல்நாட்டுப் பிரதிநிதிகளும் சர்வோதய ஊழியர்களும் ஒன்றுகூடினர். ஜெயப்பிரகாஷ் நாராயணன் அவர்களும் வந்திருந்தார். மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1957-இல், வினோபா பாவே கேரளத்தில் பாதயாத்திரை செய்தபொழுது சாந்தி சேனையைத் தொடங்கியிருந்தார், கே. கேளப்பன் அதில் முன்வரிசையில் நின்றார். ஆயுதமின்றிக் கலகத்தின் நடுவே சென்று நிற்கும் அத்தகைய படை ஒன்று உலகம் முழுவதற்கும் வேண்டும் என்ற எண்ணம் காந்திகிராமத்தில் வலுப்பெற்றது. அதன் பயனாக, லெபனான் நாட்டின் புரும்மானா என்னும் ஊரில் 1962 புத்தாண்டை ஒட்டி உலகச் சமாதானப் படை அமைந்தது.

அதன் பிற்காலக் கதையையும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். இந்திய-சீனப் போருக்குப் பின், 1963 மார்ச் 1-ஆம் நாள் தில்லியிலிருந்து பீக்கிங் நகருக்கு நட்புறவு நடைப்பயணம் ஒன்று புறப்பட்டது. சீனம் தன் எல்லையைத் திறக்கவில்லை. நடந்தவர்கள் அஸ்ஸாமோடு நின்றுவிட்டனர். படையும் சில ஆண்டுகளில் ஒடுங்கிற்று. எனினும் விதை கெட்டுவிடவில்லை. 1981-இல் கனடாவில் சர்வதேச சமாதானப் படையணிகள் என்ற அமைப்பு அதே எண்ணத்தோடு எழுந்தது. பிற்பாடு அதன் தொண்டர்கள் இலங்கையிலும் பணியாற்றினர். அச்சுறுத்தப்பட்ட மக்களின் அருகில் துணையாக நிற்பதே அவர்களுடைய தொண்டு.

பெரிய தேசங்களின் எல்லையில் நின்ற கேள்வி, கோபாலபுரத்தின் எல்லையிலும் நிற்கிறது. ஆழியாற்று நீர் எல்லையை அடுத்த மணக்கடவைக் கடந்து சித்தூர் வயல்களுக்குச் செல்கிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாயிற்று. மணக்கடவில் ஆண்டுக்கு 725 கோடி கன அடி நீர் கேரளத்துக்குத் தரப்பட வேண்டும் என்பது அதன் விதி. முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யவும் அதிலேயே இடமுண்டு. மழை குன்றிய ஆண்டுகளில் இப்பக்கத்து உழவரும் அப்பக்கத்து உழவரும் தத்தம் பங்கைக் கேட்கின்றனர். இரு பக்கத்திலும் வாடும் பயிர் ஒன்றே. முல்லைப்பெரியாறு குறித்து 2011 டிசம்பரில் குமுளி, கம்பம் எல்லையில் பதற்றம் மூண்டபொழுது போக்குவரத்து நின்றது. இடுக்கித் தோட்டங்களில் உழைத்த தமிழர் அச்சத்தோடு நாட்களைக் கழித்தனர். அமைதி குலைந்தால் முதலில் அல்லலுறுபவர் எல்லையில் வாழ்வோரே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆதலால் மகாநாட்டுக்குச் செல்லும் பிள்ளை, அகிம்சை, சகோதரத்துவம் என்ற பொதுச் சொற்களை மட்டும் மனனம் செய்துகொண்டு போவதில் பயன் சிறிது. ஓர் ஆற்றை இரு மாநிலங்கள் எவ்வாறு அளந்து பங்கிடுகின்றன, தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க வசதி செய்யுமாறு அரசமைப்பின் 350-ஏ பிரிவு கூறுவது எல்லைப் பள்ளிகளில் எவ்வளவு நிறைவேறியிருக்கிறது என்பவற்றைக் கேட்டறிந்து செல்லட்டும். சைப்பிரஸ் தீவிலிருந்தோ அயர்லாந்திலிருந்தோ வந்த இளைஞன் அதனை உடனே புரிந்துகொள்வான்; அவனுடைய ஊரிலும் ஒரு கோபாலபுரம் இருக்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. முழுச் செலவும் எமது என்று அறிவிக்கும் எல்லா அழைப்பும் மெய்யாகிவிடாது. அழைப்பவர் யார், பொருள் கொடுப்பவர் யார், விமானச் செலவு இரு வழிக்குமா, விசாக் கட்டணம் யாருடையது என்று எழுத்தில் கேட்டுப் பெறுக. தேர்வு செய்துவிட்டோம், பதிவுப் பணம் அனுப்புக என்று அவசரப்படுத்துவோரிடம் எச்சரிக்கையாய் இருத்தல் நலம். உண்மையான அழைப்பாயின் தயங்காது அனுப்புக. பெண் பிள்ளைகளையும் அவ்வாறே அனுப்புக.

திரும்பி வந்த பின்னரே பிள்ளையின் உண்மையான வேலை தொடங்குகிறது. தமிழும் மலையாளமும் அறிந்த ஓர் இளைஞன், தண்ணீர்க் காலத்தில் இருபுறத்து உழவரையும் ஒரு திண்ணையில் அமர்த்தி, ஒருவர் சொல்லை மற்றவருக்கு மாறாது எடுத்துரைப்பானாயின், அவனை அனுப்பியவர்களின் பொருள் வீண்போகவில்லை என்று நாம் மகிழலாம்.